நாத்தனார் பார்க்கக்கூடாத பறவை

இந்தப் பயணத்தில் நாத்தனார் எந்தப் பறவையை வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத் தேடித்தான் பயணமே.

காரில் ஏறும்போது அவளே அதை இன்னொரு முறை உறுதிப்படுத்தினாள். "நீங்க படம் எடுங்க அண்ணி. அது வந்தா எனக்கு ஒரு குரல் கொடுங்க, நான் முதுகைக் காட்டிட்டு உட்காந்துடறேன். நான் பாத்துட்டேன்னா காரியம் கெட்டுது."

அண்ணிக்கு வீட்டில் வேறொரு பெயர் உண்டு: பல்லுக்காரி. கணவர் வைத்தது. ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து அவள் செயற்கைப் பல் செய்கிறாள். மெழுகில் வடிவம் கொண்டுவந்து, மயிரிழைத் தூரிகையால் நிறம் ஏற்றி, சின்ன உலையில் சுட்டெடுக்கிற வேலை. பல்லின் வெள்ளை ஒரே வெள்ளை அல்ல. பழுப்பேறியது, சாம்பல் ஓடியது, தேன் கலந்தது என்று மாதிரிப் பற்கள் மேசை விளிம்பில் சாவிக்கொத்து போலத் தொங்கும். நாள் முழுக்க மூக்குக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, விடுமுறை வந்தால் தூரத்தில் எதையாவது பார்த்தாக வேண்டும் போலிருக்கும். பறவைப் பைத்தியம் அப்படித்தான் தொற்றியது. தொற்றவைத்தவள் நாத்தனார்.

நாத்தனார் ஒரு நாளிதழில் பிழை திருத்துகிறவள். எதையும் முதல் வாசிப்பில் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஊர்ப் பறவைக் கழகத்தில் யாராவது அரிய பறவையைப் பார்த்ததாகச் சொன்னால், அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு இருக்கிறது. அதிலும் அவள் ஒருத்தி. இரண்டாமவர் குழந்தைகள் மருத்துவர். அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியே பழகியவர் என்பதால் யார் எதைச் சொன்னாலும் 'அப்படியா, ரொம்ப சந்தோஷம்' என்று ஏற்றுக்கொண்டுவிடுவார். மூன்றாமவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். எதற்கும் 'ஊஹூம்' என்பதால் ஊஹூம் மாமா என்றே அழைக்கப்படுகிறார். ஆக, தராசு முள் எப்போதும் நாத்தனார் கையில்.

போன கோடையில் பல்லுக்காரி இதே பாலை மலையில், கணவர் காரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், செஞ்சிறகுப் பாறையேறியைப் பார்த்தாள். ஐந்தாறு மூச்சு விடும் நேரம்தான். செங்குத்துப் பாறையில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டு பல்லியைப் போல ஏறியது, இறக்கையை விரித்தது, பாறை ஒரு கணம் பற்றி எரிந்து அணைந்த மாதிரி இருந்தது. அவள் கேமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிட்டது. பனி மலை உச்சிகளில் வாழ்கிற பறவை இவ்வளவு தாழ்வான, வறண்ட இடத்தில், அதுவும் கோடையில் இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. மருத்துவர் சந்தோஷப்பட்டார். மாமா ஊஹூம் என்றார். நாத்தனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படம் இல்லாமல் ஏற்க முடியாது என்றாள்.

அதன்பிறகு ஒரு மாதம் வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன்காரர்தான் இடையில் தபால்காரராக அலைந்தார். நாத்தனார் எத்தனையோ மலை ஏறி இறங்கியும் கண்ணில் படாத பறவை அது என்பது எல்லோருக்கும் தெரியும். தனக்குக் கிடைக்காதது அண்ணிக்குக் கிடைத்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சலில்தான் கையைத் தூக்கவில்லையோ என்ற சந்தேகத்தைப் பல்லுக்காரியால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பறவை கூட அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. தன்னை நம்பியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு படம் போதும் என்று தோன்றலாம். ஆனால் குழுவுக்கு ஒரு விதி உண்டு. பறவையை நேரில் பார்த்தவர் சாட்சி ஆகிவிடுவார், சாட்சிக்கு வாக்கு கிடையாது. மிஞ்சியவர்களில் பாதிக்கு மேல் ஆமாம் சொல்ல வேண்டும். நாத்தனார் சாட்சியாகிவிட்டால் மிஞ்சுவது மருத்துவரின் ஆமாமும் மாமாவின் ஊஹூமும்தான். பாதிக்குப் பாதி. தள்ளுபடி. இந்த விதியைக் கொண்டுவந்தவளே நாத்தனார். யாரோ ஒருவர் தான் பார்த்த கழுகுக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்ட தகராறில், இது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று நிறைவேற்றியவள்.

"அப்ப நீ வீட்லயே இருந்திருக்கலாமே?" என்று கணவர் பின்னால் பையை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"மத்த பறவையெல்லாம் யாருண்ணா பாக்கறது?" என்றாள் தங்கை.

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், ஊருக்கே மாஸ்டர். பயணத்துக்கு எடுத்துவந்ததும் பள்ளிக் கார்தான். முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு, பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்கென்று தனி பிரேக். தங்கை ஓட்டினாள். பாலை நெடுஞ்சாலையில் லாரிகள் எல் போர்டைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போயின. விடிந்த கொஞ்ச நேரத்தில், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பஞ்சுருட்டான்களைப் பார்த்து நாத்தனார் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பைனாகுலரை எடுத்தாள். வண்டி தானாக நின்றது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே பிரேக்கை மிதித்திருந்தார். தூங்கும்போதுகூட அவருடைய கால் தூங்காது.

பச்சையும் நீலமுமாக அவை கம்பியிலிருந்து பாய்ந்து, வண்டைக் கவ்வி, திரும்பி வந்து கம்பியில் அடித்துக் கொன்று தின்றன. பல்லுக்காரி ஜன்னல் வழியே லென்ஸை நீட்டிச் சுட்டுத் தள்ளினாள். பிறகு ஒரு வளைவில் கௌதாரிக் குடும்பம் ஒன்று, குஞ்சுகள் பின்தொடர, அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்தது. மலை தொடங்கும் இடத்தில் ஒரு கழுகு, வெயில் இன்னும் ஏறாததால் மேலே கிளம்ப முடியாமல், கல்லின் மேல் உட்கார்ந்து இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கார் நின்றது. ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் குழந்தை மாதிரி இருக்கையில் குதித்தாள். இவளோடு சண்டை போடுவது எவ்வளவு சுலபமோ, இவளோடு பறவை பார்க்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று பல்லுக்காரி நினைத்துக்கொண்டாள்.

சாலை முடிந்த இடத்தில் மலை இரண்டாகப் பிளந்திருந்தது. செம்மண் நிறப் பாறைகள் அடுக்கடுக்காக, மேலே போகப் போக வெளுத்து, வானத்தை ஒரு நாடாவாக நறுக்கின. காரை ஒரு பாறையின் நிழலில் விட்டுவிட்டு, தண்ணீரையும் ரொட்டியையும் அவித்த முட்டையையும் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். காலடியில் காய்ந்த ஆற்றுப் படுகை, கூழாங்கல் கடகடவென்று புரண்டது. சூடு அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி முகத்தில் அறைந்தது. தலைக்கு மேலே உழவாரன் குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு சுவருக்குச் சுவர் பாய்ந்தன.

முதல் தடவை அது வந்தபோது நாத்தனார் பின்னால் செருப்புக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்தாள். பல்லுக்காரி உச்சிப் பாறையில் ஒரு சிவப்பு மின்னலைப் பார்த்தாள்.

"திரும்பு!" என்றாள்.

நாத்தனார் கேள்வி கேட்கவில்லை. செருப்பும் கையுமாக, ஒற்றைக்காலில் அப்படியே சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றாள். பல்லுக்காரி அழுத்திக்கொண்டே இருந்தாள். கேமரா தையல் மிஷின் போல ஓடியது. பறவை பாறை விளிம்பைத் தாண்டி மறைந்ததும் நிழலில் உட்கார்ந்து படங்களைத் தள்ளிப் பார்த்தாள். வெயிலில் கொதித்த காற்று நடுவில் அலையடித்திருந்தது. எல்லாப் படத்திலும் தண்ணீரில் கரைந்த குங்குமம் மாதிரி ஒரு கறை. இதை மாமாவிடம் காட்டினால், பாறையில் யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்பார்.

ஆனால் இருக்கிறது. போன வருஷம் பார்த்தது கண்மயக்கம் இல்லை, உயிரோடு, இறக்கையோடு இருக்கிறது. பல்லுக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேலே வெயிலில் எடுத்துப் பயனில்லை, உள்ளே குளிர்ச்சியான இடத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தே தீரும் என்று அவள் கணக்குப் போட்டாள். மூவரும் இன்னும் உள்ளே போனார்கள்.

படுகை குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் மூன்று பேர் கைகோத்து நின்றால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் என்கிற அளவில் நின்றது. இங்கே வெயில் இறங்குவதே இல்லை. இடது சுவரில் ஒரு வெடிப்பிலிருந்து நீர் சொட்டி, பாசி பிடித்து, கீழே, சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, தாம்பாளம் அகலத்துக்கு ஒரு குட்டை. காற்று ஆடாமல் அசையாமல், கழுவிய கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பல்லுக்காரி இடது சுவரைப் பார்த்து டிரைபாடை விரித்தாள். நாத்தனார் வலது சுவரைப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆறுதலாக அந்தச் சுவரில் ஒரு பொந்து, அதில் ஒரு பாறை ஆந்தை, உலகமே தன்னை எழுப்பாமல் இருக்கட்டும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தூங்கியது. மாஸ்டர் நடுவில் துண்டை விரித்துப் படுத்தார்.

காத்திருந்தார்கள். ரொட்டி தீர்ந்தது. முட்டையை உரித்த சத்தத்துக்கு ஆந்தை ஒரு கண்ணைத் திறந்து மாஸ்டரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"உன் அண்ணியும் என்னை இப்படித்தான் பாக்கறா," என்றார் அவர்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மல்லாந்து படுத்திருந்த மாஸ்டர்தான், கொட்டாவிக்கு நடுவே, மேலே ஒரு பட்டாம்பூச்சி இறங்கி வருகிறது, இவ்வளவு பெரிசாகப் பார்த்ததே இல்லை என்று சொன்னார்.

பல்லுக்காரி அண்ணாந்து பார்த்தாள். அது பட்டாம்பூச்சி இல்லை.

"வந்துடுச்சு. திரும்பிடாதே," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. நாத்தனாரின் முதுகு நிமிர்ந்தது.

பாறையேறி சொட்டும் நீரை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. ஊசி போன்ற நீள அலகை வெடிப்புக்குள் விட்டு எதையோ எடுத்தது. இறக்கையைத் திறந்து மூடியது. திறக்கும்போதெல்லாம் சிவப்பு. ரத்தச் சிவப்பும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. நிறத்தோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கே பெயர் கிடைக்கவில்லை. அவள் கேமராவில் கண்ணை வைத்தாள். லென்ஸ் உள்ளே போய் வெளியே வந்து, உறுமி, கைவிட்டது. மிக அருகில் வந்துவிட்டது. நாலடிக்குள் இருக்கும் பறவையைப் பிடிக்க அந்தக் குழாயால் முடியாது. அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தாள். குட்டையில் கால் இறங்கியது, ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது.

"என்ன பண்ணுது அண்ணி?" நாத்தனார் சுவரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள். "சொல்லிட்டே இருங்க."

"பூச்சி பிடிக்குது. வாய் நிறைய. முழுங்க மாட்டேங்குது."

நாத்தனாரின் தலை பாதி திரும்பி, மறுபடி சுவரைப் பார்த்தது.

"முழுங்கலையா?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "அண்ணி, குஞ்சு இருக்கு."

இருந்தது. வலது சுவரில், ஆந்தைப் பொந்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கீறலுக்குள்ளிருந்து மெல்லிய குரல்கள் திடீரென்று கிளம்பின. பறவை இடது சுவரை விட்டு நழுவி, மூவரின் தலைக்கு மேலாகக் குறுக்கே மிதந்தது.

"கண்ணை மூடு, மூடு. உன் பக்கம் வருது."

நாத்தனார் இமைகளை இறுக்கிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பறவை அவள் தொப்பிக்கு ஒரு முழம் மேலே பாறையில் ஒட்டிக்கொண்டது. பல்லுக்காரி முதுகை எதிர்ச் சுவரில் அழுத்தி, வயிற்றை உள்ளிழுத்து, இருந்த தூரத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டாள். ஜூமைக் குறைத்தாள். லென்ஸ் ஒருமுறை தடுமாறி, கச்சிதமாக நின்றது. இறக்கைகள் விரிந்தன. அழுத்தினாள்.

திரையில் எல்லாம் இருந்தது. சிவப்பின் ஒவ்வொரு இறகும், ஓரத்து வெள்ளைப் பொட்டுகளும், அலகில் துடிக்கிற பூச்சியும். கீழே தொப்பியும், கண்ணை இறுக மூடிய நாத்தனாரின் முகமும். அவள் பார்க்கவில்லை என்பதற்கும் அதே படம் சாட்சி. இதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது.

மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். படம் கிடைத்துவிட்டதே, இவளை இப்படியே கையைப் பிடித்து வெளியே நடத்திப் போய்விடலாம் என்று சைகை காட்டினார்.

பல்லுக்காரி கேமராவிலிருந்து தலையை எடுத்துத் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள். தலைக்கு மேல் இறக்கை திறக்கும் ஓசை காதில் விழும்போதெல்லாம் நாத்தனாரின் புருவம் ஏறி இறங்கியது. இரண்டு கையாலும் உட்கார்ந்த கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. மூடிய இமையின் ஓரத்தில் ஈரம். ஒரு மாதம் பேசாமல் இருந்தபோது மனதுக்குள் போட்டு வைத்திருந்த சந்தேகம் பல்லுக்காரிக்கு இப்போது கூசியது. பொறாமைக்காரி இப்படியா உட்கார்ந்திருப்பாள்? வாழ்நாள் முழுக்கத் தேடியது உச்சந்தலைக்கு மேல் நிற்க, அண்ணிக்காக இமையைக் கூடத் தூக்காமல்?

கேமராவைத் தொங்கவிட்டுவிட்டு, சத்தமில்லாமல் படுகையைக் கடந்து வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"கண்ணைத் திறடி."

"வேண்டாம் அண்ணி. வோட்டு போயிடும்."

"போகட்டும். பாரு."

"ஒரு வருஷமா இதுக்காகத்தானே…"

"பாருன்னு சொல்றேன்ல."

நாத்தனார் கண்ணைத் திறந்து மெதுவாகத் திரும்பி அண்ணாந்தாள். பறவை கீறலுக்குள் தலையை விட்டிருந்தது. வெளியே எடுத்து, அவளை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்து, இறக்கையை முழுசாக விரித்து, மூடாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது. பிறகு காற்று தூக்கிய துணியைப் போல மேலே, வெளிச்சத்தை நோக்கிப் போயிற்று. நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஈர ஷூவின் மேலேயே நின்று குதித்தாள். பல்லுக்காரியும் குதித்தாள். ஆந்தை வெறுத்துப்போய்ப் பொந்துக்குள் நகர்ந்துவிட்டது.

கூட்டுக்குப் பக்கத்தில் கூத்தடிக்கக் கூடாது என்று நாத்தனாருக்குத்தான் முதலில் உறைத்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு நல்ல தூரம் வெளியே வந்து, ஒரு நிழலில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. அவள் முகம் சுருங்கியது. தான் இனி சாட்சி. மருத்துவர் ஆமாம் என்பார். மாமா படத்தைக் கையில் வாங்கி, தொப்பியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே, இது இந்த மலைதான் என்று யார் கண்டது என்பார். இந்த வருஷமும் தள்ளுபடிதான்.

"நான் உங்களை நம்பாம இல்ல அண்ணி. போன வருஷமும் நம்பினேன்," என்றாள். "நம்பிக்கைக்கு வோட்டுப் போட எனக்குத் தெரியல."

பல்லுக்காரி ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். அவளுக்கு உண்மையில் இந்தக் கணக்கெல்லாம் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. குஞ்சுகள் எத்தனை இருக்கும் என்பதுதான் மனசில் ஓடியது.

மாஸ்டர் கடைசி முட்டையை உப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். "பாத்தவங்களுக்கு வோட்டுக் கிடையாது. அதானே?"

"ஆமாண்ணா."

"அப்ப அந்த ஊஹூமையும் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. அவரும் சாட்சி ஆயிடுவாரு. மிச்சம் டாக்டர் ஒருத்தர்தானே?"

முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். சிரிப்பு யாரிடமிருந்து முதலில் வெடித்தது என்று தெரியவில்லை, பாறைகள் வாங்கி வாங்கித் திருப்பி அடித்தன. பிரேக் போடத் தெரிந்த மனுஷனுக்கு வண்டியைக் கிளப்பவும் தெரிகிறதே என்றாள் பல்லுக்காரி.

இரை கொண்டு போகிற அவசரத்தைப் பார்த்தால் குஞ்சுகள் கூட்டை விட்டுப் போக இன்னும் சில நாள் இருக்கும். அவகாசம் உண்டு. சிக்னல் கிடைப்பதற்காக முகப்பில் இருந்த மேட்டின் மேல் மூச்சிரைக்க ஏறினார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, காலையில் கிளம்பத் திணறிய கழுகு இப்போது சிறகு அசைக்காமல் எங்கோ உயரத்தில் வட்டமடித்தது. நாத்தனார் ஊஹூம் மாமாவை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். தான் பார்த்துவிட்டதை ஒளிக்கவில்லை, இனித் தனக்கு ஓட்டு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நீங்க வந்து பாத்தா உங்களுக்கும் போயிடும் மாமா. அதையும் சொல்லிடறேன். அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

ஊஹூம் வருவதற்காக மூவரும் போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பீரோக் கதவு திறக்கிற ஓசை, எதையோ இழுத்துக் கீழே போடுகிற ஓசை.

"ஒரு ஆளுக்கு," என்றார் மாமா, "தண்ணி எவ்வளவு எடுத்துட்டு வரணும்?"